இல்லாத ரயிலுக்கு ஒரு கால அட்டவணை

(தோவாளையில் நிகழ்த்திய பொது உரையின் அச்சு வடிவம்)



ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். மணியாச்சியிலிருந்து கிளை பிரிந்து திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876இல். அந்தத் திருநெல்வேலியிலிருந்து ஆரல்வாய்மொழி, தோவாளை வழியாக நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1981இல். நடுவில் இருக்கும் தூரம் 80 கிலோமீட்டர்கூட இல்லை. அதைக் கடக்க ரயிலுக்கு 105 வருஷம் ஆனது. அதற்குள் சுற்றிலும் என்னவெல்லாம் நடந்துவிட்டது என்று பாருங்கள். செங்கோட்டை மலையைக் குடைந்து 1904இல் கொல்லத்துக்கு மீட்டர் கேஜ் போய்விட்டது. 1918இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நீண்டது. 1923இல் திருச்செந்தூர் முருகனுக்கும் ரயில் கிடைத்தது. நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் 1979 வரை தண்டவாளச் சத்தமே கிடையாது. அந்த வருஷம்தான் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு அகலப் பாதை திறந்தார்கள்.

சரி, வராமல் போன அந்த ரயில் வந்திருந்தால்? திருநெல்வேலியிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஒரு மீட்டர் கேஜ் பாதை வந்து, தோவாளையில் நின்று, நாகர்கோவிலைத் தொட்டு, குளச்சல் துறைமுகத்தில் முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு நாவல் எழுதியும் விடை சொல்லலாம். என் வீட்டு மாடி அறையில் நான் பலகை அடித்து, தண்டவாளம் பதித்து விடை தேடிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மாதிரி ரயில் கட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் உண்மையில் இருக்கிற ஒரு நிலையத்தை அப்படியே சிறிதாக்குவார்கள். உதாரணத்துக்கு நாகர்கோவில் சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று திசைப் பாதைகள் அங்கே சேருகின்றன. திருவனந்தபுரத்திலிருந்து சந்திப்புக்குள் வந்து திருநெல்வேலி போகிற வண்டிக்கு இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும். அதைத் தவிர்க்க நாகர்கோவில் டவுன் வழியாக ஒரு சுற்றுப் பாதை. இதை நகலெடுப்பதே ஒரு நல்ல வேலை. சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வகையினர் உலகில் எங்கேயும் இல்லாத ரயில்வேயைத் தாங்களே உருவாக்குகிறவர்கள். இது சுலபம், மனம் போனபடி கட்டலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். நகல் எடுக்கிறவரிடம் போய், இங்கே ஏன் ஒரு கூட்ஸ் ஷெட் என்று கேட்டால், அங்கே இருக்கிறது, அதனால் வைத்தேன் என்று சொல்லிவிடுவார். கற்பனைப் பாதைக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பாயிண்டுக்கும், ஒவ்வொரு கைகாட்டிக்கும் அவர் காரணம் வைத்திருக்க வேண்டும். கற்பனைக்குக் காரணம் வேண்டும் என்பதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்த ஒரே விஷயம். மற்றதெல்லாம் அதற்கு உதாரணம்.

இந்தக் கலையின் பெரியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாண்டரே ஊரில் ஜான் ஆலன் என்று ஒருவர் இருந்தார். கூரையைத் தொடும் மலைகள், பாலங்கள் என்று அவர் வீட்டுக்குள் எழுப்பிய கற்பனை ரயில்வே உலகப் புகழ் பெற்றது. 1973இல் அவர் காலமான சில நாள்களிலேயே அது தீயில் எரிந்துபோனது. அந்த ரயில்வேயில் ஷண்டிங் செய்ய இன்ஜினுக்குப் பதிலாக அவர் ஒரு டைனோசரையும் வைத்திருந்தார். வேடிக்கைக்குத்தான். ஆனால் அந்த வேடிக்கைப் பிராணியைக்கூட அவர் சும்மா நிற்க விடவில்லை பாருங்கள், அதற்கும் ஒரு வேலை கொடுத்துத்தான் வைத்திருந்தார்.

ஓஹாயோ மாநிலத்தில் ஆலன் மெக்லெலண்ட் என்பவர் இன்னொரு படி மேலே போனார். அவருடைய கற்பனை ரயில்வே உண்மையான ரயில்வேக்களோடு சரக்குப் பெட்டிகளை மாற்றிக்கொள்ளும். பெட்டி எங்கோ வெளியூரில் புறப்பட்டு, இவர் பாதையில் கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி வெளியூருக்குப் போய்விடும். நம் கண்ணுக்குத் தெரிகிற பலகை ஒரு பெரிய நாட்டின் சிறு துண்டு என்கிற எண்ணத்தை அவர் கொண்டுவந்தார். நியூ ஆர்லியன்ஸில் இருந்த ஃபிராங்க் எல்லிசன், மாதிரி ரயிலை நாடக மேடையாகப் பார்த்தார். வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை என்று அவர் 1940களில் விளக்கி எழுதியது இன்றும் செல்லுபடியாகிறது.

பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர் ஒன்றும் சொல்கிறேன். தாமஸ் என்கிற நீல இன்ஜினைப் படைத்த ஆட்ரி ஒரு பாதிரியார். 1945இல் முதல் புத்தகம் வந்தது. கதையில் அங்கே மலை, இங்கே நிலையம் என்று வந்ததும், அதெல்லாம் எங்கே இருக்கிறது என்று குழந்தைகள் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்காக அவர் சோடர் என்று ஒரு தீவையே உருவாக்கி, வரைபடம் போட்டு, தம்பியோடு சேர்ந்து அந்தத் தீவின் சரித்திரத்தையும் எழுதினார். அவரும் மாதிரி ரயில் கட்டியவர்தான்.

இந்தியாவில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் புனேக்குப் போகலாம். கோத்ருட் பகுதியில் பாவு ஜோஷி உருவாக்கிய சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. ஒரு முழு நகரமே அங்கே மேஜைமேல் இருக்கிறது. மேம்பாலம், சர்க்கஸ், நீச்சல் குளம், கைகாட்டிகள், நடுவில் ஓடும் வண்டிகள். எந்த ஊரின் நகலும் அல்ல. ஒரு மனிதருக்குச் சிறுவயதில் பிடித்த ஆசை பொது இடமாக மாறியிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். என் பாதைக்கு நான் முதலில் முடிவு செய்தது காலம். 1935. ஏன் அந்த வருஷம்? திருவிதாங்கூர் அரசு 1938இல் தன் சொந்தப் பேருந்துத் துறையைத் தொடங்கிவிட்டது. நல்ல ரோடும் பஸ்ஸும் வந்தபிறகு இத்தனை சிறிய பாதையைப் புதிதாகப் போட எவரும் பணம் இறக்கியிருக்க மாட்டார்கள். ஆகவே என் ரயில் அதற்கு முன்பே வந்து வேரூன்றியிருக்க வேண்டும்.

வருஷத்தை முடிவு செய்ததும் நிறைய விஷயம் தானாகவே விலகிக்கொண்டது. என் அறைக்கு வருகிறவர்கள் எல்லோரும், முப்பந்தல் காற்றாடி எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது வர இன்னும் அரை நூற்றாண்டு ஆகுமே! நீலப் பெட்டிகளும் இல்லை. அவற்றைச் செய்த பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையே 1955இல்தான் தொடங்கியது. தாடகை மலை உண்டு, வயல் உண்டு, தோவாளைக் கால்வாய் உண்டு. டிக்கெட் விலையைச் சக்கரத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆரல்வாய்மொழி அன்றைக்கு அரசின் எல்லை. அதனால் எல்லா வண்டியும் அங்கே சோதனைக்காகக் கூடுதல் நேரம் நிற்கும். ஒரு சரித்திர உண்மை எனக்கு ஒரு அட்டவணை விதியாகக் கிடைத்துவிட்டது.

அடுத்து சரக்கு. ரயில்வே ஓடுவது சரக்கால். குளச்சல் வரைக்கும் பாதை போவதற்கு என்ன காரணம் காட்டுவேன்? காரணம் கடற்கரையிலேயே கிடக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்கிற ஜெர்மானிய வேதியியலாளர் நம் கடற்கரையிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் உள்ள தோரியம் அன்றைய கேஸ் விளக்கு மாண்டிலுக்கு உயிர்நாடி. மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கிற ஆலை எழுந்தது. ஐரோப்பிய வீதிகளின் வெளிச்சத்துக்கு மணவாளக்குறிச்சி மணல் போனது. இப்படி ஒரு சரக்கு இருக்கும்போது, பக்கத்துத் துறைமுகத்துக்கு ஒரு தண்டவாளம் போட யாராவது ஒருவராவது நினைத்திருக்க மாட்டாரா? இந்தக் கேள்வி போதும். என் பாதையில் மணல் வாகன்கள் ஓடலாம். உள்நாட்டிலிருந்து நெல், வாழைக்காய், தேங்காய், கயிறு. திருநெல்வேலிப் பக்கமிருந்து பருத்தி, கருப்பட்டி, மிளகாய் வற்றல்.

பிறகு நம் தோவாளைப் பூ. உங்களுக்கு நான் பூவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாணிக்க மாலை கட்டுகிற ஊரில் நின்றுகொண்டு அதைப் பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் ரயில் ஓட்டுகிறவனுக்குப் பூவைப்போல் பயம் காட்டும் சரக்கு வேறில்லை. மணல் வாகன் ஒரு நாள் பிந்தினால் ஒன்றும் ஆகாது. பூக்கூடை மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்தால் குப்பை. ஆகவே விடிகாலை மெயில் வண்டியில் பூ பார்சல் வேனை மாட்டியே ஆக வேண்டும். அந்த வேன் முந்தின மாலையே தோவாளை சைடிங்கில் வந்து நின்றிருக்க வேண்டும். அதைக் கொண்டுவந்த கூட்ஸ் வண்டி நேரத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒரு பூக்கூடை முழு நாளின் அட்டவணையையும் பிடித்து இழுப்பதைப் பார்த்தீர்களா?

கொஞ்சம் அளவுக் கணக்கு. உலகில் அதிகம் பேர் பயன்படுத்துவது ஹெச்.ஓ. என்கிற அளவு, உண்மையில் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குப் பொருந்தும். நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். சரியாகச் சிறிதாக்கினால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வர வேண்டும். அந்த அளவில் கடையில் தண்டவாளம் கிடைக்காது. நம் நாட்டில் பெரும்பாலானவர்கள் 16.5இலேயே அகலப் பாதை வண்டியை ஓட்டி, இடைவெளி குறைந்ததைக் கண்டுகொள்வதில்லை. மீட்டர் கேஜுக்கு நிலைமை நல்லது. கணக்குப்படி 11.5 வர வேண்டும். சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காகச் செய்கிற 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது.

இடம்? திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் உள்ள தூரத்தை இந்த அளவில் முழுதாகக் கட்டினால் 850 மீட்டர் நீளம் வேண்டும். இந்த மண்டபத்தில் தொடங்கினால் ஊரைத் தாண்டிப் போய்விடும். பன்னிரண்டுக்குப் பத்தடி அறையில் நாலு சுவரையும் சுற்றினாலும் 13 மீட்டர்தான் கிடைக்கும். இன்றைய 22 பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்றே இந்த அளவில் ஐந்தரை மீட்டருக்கு மேல் நீளும். ஆகவே எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் வேலை. நான் நாலு இடம் மட்டும் வைத்திருக்கிறேன். ஆரல்வாய்மொழி, தோவாளை, நாகர்கோவில், குளச்சல். திருநெல்வேலியை மலைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அங்கே மூன்று வண்டிகள் கண்ணுக்குத் தெரியாமல் நின்று தங்கள் நேரத்துக்குக் காத்திருக்கும். பயணிகள் வண்டிக்கு நாலு பெட்டி, கூட்ஸுக்கு எட்டு வாகன், அதற்கு மேல் இல்லை.

வளைவைப் பற்றி ஒரு எளிய விதி உண்டு. உங்கள் நீளமான பெட்டியைப்போல் குறைந்தது மூன்று மடங்கு ஆரம் வையுங்கள். பெட்டி 25 சென்டிமீட்டர் என்றால் ஆரம் 75. அதற்குக் குறைந்தால் வண்டி ஓடினாலும் பார்க்க நன்றாயிராது, பெட்டியும் தடம் புரளும். ஏற்றம் 50 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு பாதைமேல் இன்னொன்றைக் கடத்த ஏழரை சென்டிமீட்டர் உயர வேண்டும் என்றால், ஏறுவதற்கே நாலு மீட்டர் போய்விடும். பலகைக்கு நல்ல மரைன் பிளைவுட் போடுங்கள். இங்கே இரண்டு பருவமழை, நடுவில் கணவாய்க் காற்று. மழைக்காலத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், தண்டவாளம் அதோடு சண்டை போடும். தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே நூலளவு இடைவெளி விடுங்கள். மீட்டருக்கு ஒரு இடத்திலாவது மின்கம்பி இணையுங்கள். ஆடிக்காற்றில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள். வண்டி நின்று நின்று போனால் பத்தில் ஒன்பது முறை காரணம் தூசிதான்.

இனி ஓட்டுதல். வட்டமாகச் சுற்றவிட்டுப் பார்ப்பது பத்து நிமிஷ இன்பம். ரயில்வே நடத்துவது வேறு. என் அறையில் கடிகாரம் ஆறு மடங்கு வேகத்தில் ஓடும். நாலு மணி நேரத்தில் ஒரு முழு நாள் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வருவார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டிரைவர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது இந்த அளவில் நொடிக்கு 19 சென்டிமீட்டர். நடந்துகொண்டே கூடப் போகலாம். புதிதாக வருகிற எல்லோரும் இதைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் திட்டியதும் நிதானமாகிவிடுவார்கள்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வரக்கூடாது. அதற்கு நம் ரயில்வேயில் நீண்ட காலம் இருந்த முறை நீல் டோக்கன். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி. இரண்டும் கம்பியால் இணைந்தவை. லைன் கிளியர் கிடைத்தால்தான் கருவியிலிருந்து ஒரு இரும்புப் பந்து வெளியே வரும். அந்தப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு கருவியிலும் இன்னொரு பந்து வராது. பிரம்பு வளையத்தில் பையைத் தொங்கவிட்டு ஓடுகிற இன்ஜினுக்கு நீட்டுவதை வயதில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். என் வீட்டில் அதற்குக் கோலிக்குண்டு. ஆரல்வாய்மொழிக்கும் தோவாளைக்கும் நடுவே சிவப்பு ஒன்று, தோவாளைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே பச்சை ஒன்று. குண்டு யார் கையில் இருக்கிறதோ அவர் வண்டிதான் போகும். அறையில் கம்ப்யூட்டரும் உண்டு, இன்ஜின்களுக்குள் அவற்றைக் கட்டுப்படுத்தும் டி.சி.சி. சிப்பும் உண்டு. ஆனாலும் மோதலைத் தடுப்பது அந்தக் கோலிக்குண்டுதான்.

ஒவ்வொரு வாகனுக்கும் ஒரு அட்டை. என்ன சரக்கு, எங்கிருந்து, எங்கே என்று எழுதியிருக்கும். அட்டையைப் படித்து, எந்த வாகனை எந்த நிலையத்தில் கழற்ற வேண்டும், எந்த வரிசையில் மாட்ட வேண்டும் என்று கூட்ஸ் வண்டிக்காரர் யோசிக்க வேண்டும். தோவாளை சைடிங்கில் மணல் வாகன் நின்றுகொண்டிருக்கும்போது பூ வேனை உள்ளே தள்ள முடியாது. அதை எடுக்க மெயின் லைனை மறிக்க வேண்டும். மறிக்க நாகர்கோவிலிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்குள் மெயிலுக்கு நேரமாகிவிடும். வெளியே பார்க்கிறவருக்கு விளையாட்டு. உள்ளே இருக்கிற நாலு பேருக்கு நெற்றியில் வேர்வை.

இதற்கெல்லாம் வசதி வேண்டுமே என்று சிலர் நினைப்பீர்கள். வெளிநாட்டு இன்ஜின் விலை அதிகம் என்பது உண்மை. அதனால் சிறிதாகத் தொடங்குங்கள். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் அமைத்த ஒரு புதிர் உண்டு. இங்கிள்நூக் என்று பெயர். ஒரு புத்தக அலமாரித் தட்டளவு இடம், மூன்று சைடிங், இரண்டு பாயிண்ட், ஒரு இன்ஜின், எட்டு வாகன். ஒரு சைடிங்கில் ஐந்து வாகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. எட்டு சீட்டுகளைக் குலுக்கி ஐந்தை எடுத்து, அதே வரிசையில் வண்டியைச் சேர்க்க வேண்டும். எத்தனை விதமாக வரும் தெரியுமா? 8, 7, 6, 5, 4 ஆகியவற்றைப் பெருக்கிப் பாருங்கள், 6,720. தினம் ஒன்று என்று ஓட்டினாலும் பதினெட்டு வருஷத்துக்குப் போதும். வாகன்களை அட்டையிலேயே செய்யலாம்.

உரை முடிந்தபின் இரண்டு கேள்விகள் வந்தன. அவற்றையும் பதிலோடு இங்கே தருகிறோம்.

கேள்வி: அண்ணாச்சி, ஓடாத ரயிலை ஓடவிட்டு என்ன பிரயோஜனம்?

ஏன் ஓடவில்லை என்று கேட்க வைக்கிறதே, அதுதான் பிரயோஜனம். மலையா தடுத்தது? செங்கோட்டையில் மலையைக் குடைந்தார்கள். ஆரல்வாய்மொழியில் மலை தானே விலகி வழி விட்டிருக்கிறது. வேறு அரசின் எல்லையா? செங்கோட்டைப் பாதையும் திருவிதாங்கூருக்குள் போனதுதான். கடைசியில் சரக்குக்கு வந்து நிற்கிறோம். கொல்லம் ஒரு பெரிய துறைமுகத்தையும் மலைத்தோட்டங்களையும் காட்டியது. நாம் எதைக் காட்டியிருக்க முடியும்? என் அட்டைகளில் இருக்கிற சரக்கு ஒரு ரயில்வேயைக் காப்பாற்றப் போதுமா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கணக்குப் பார்க்கிறோம். சில வாரம் போதும் என்று வருகிறது, சில வாரம் போதாது என்று வருகிறது.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு. முதலில் என்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்க வேண்டாம் மக்கா. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்க தாத்தாவிடமும் சந்தையில் இருக்கிற பெரியவர்களிடமும் போ. அவர்கள் காலத்தில் இந்த ஊருக்கு என்ன வந்தது, இங்கிருந்து என்ன போனது, எந்த மாசத்தில், எத்தனை வண்டியில், மாட்டு வண்டியா லாரியா என்று கேட்டு எழுது. ஒரு பக்கம் நிறைந்ததும் எந்தச் சரக்கு அவசரம், எது காத்திருக்கும் என்று பிரி. உன் ரயில்வே அந்தப் பக்கத்தில் இருக்கிறது. தண்டவாளம் பிறகு வாங்கலாம்.